நடுவிரல் மை

பெரியதாழை வாக்குச்சாவடி வாசலில் அன்று காலை பத்தேகாலுக்கு, மீன் விற்கும் பிளாரன்ஸின் ஆள்காட்டி விரலில் இருந்த மை நடுவிரலுக்கு நகர்ந்தது. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவள், "குடைக்குத்தான் போட்டேன், வேற எதுக்குப் போடுவேன்?" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அது நடந்துவிட்டது. கேள்வி கேட்ட ஜெப்ஸி அதைக் கண்ணால் பார்த்தாள். சாத்தான்குளத்தில் ஏழு மணிக்கே தன் ஓட்டைப் போட்டுவிட்டு, ஒரு டிவிக்காக வாக்குக் கணிப்பு எடுக்க பஸ் ஏறி வந்தவள் அவள். இரண்டு தேர்தல்களில் அவள் கணிப்பு கவிழ்ந்திருந்தது. இதுவும் கவிழ்ந்தால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மதியத்துக்குள் அறுபது பேரிடம் கேட்டாள். அறுபது பேரும் குடை என்றார்கள். நாற்பத்தொரு பேருக்கு மை நகர்ந்தது. குடை, ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி சொன்ன சின்னம். போன தேர்தலில் கணிப்பு எடுத்தவரிடம், எதிர்ச் சின்னமான கத்தரிக்கோல் என்று உண்மையைச் சொன்ன ரோச் என்பவரின் மீனை ஆறு மாதம் ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. போதாததற்கு, கடலில் மீன் தெற்கே கிடைத்தால், கேட்பவருக்கு வடக்கே கை காட்டிப் பழகிய ஊர் அது. இதெல்லாம் தெரியாமல் கேள்வி தயாரித்த புண்ணியவான் சென்னையில் ஏசியில் இருந்தான்.

ஜெப்ஸி கணக்குப் போட்டாள். விரலைப் பார்த்து, மை நகர்ந்தவர்களைக் கத்தரிக்கோல் என்று பதிந்தால் வேலை நிலைக்கும். ஆனால் சாவடி வாரியாக டிவியில் காட்டுவார்கள். அவள் யார் யாரிடம் கேட்டாள் என்பதைக் கமிட்டித் தலைவர் டெரன்ஸ் எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வீட்டு மீனும் கரையில் அழுகும்.

நாலு மணிக்கு டெரன்ஸும் ஓட்டுப் போட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"ஏளா, எல்லாரும் என்ன சொல்லுதாவ?"

"குடைன்னுதான் சொல்லுதாவ, அண்ணாச்சி."

அது பொய்யில்லை. அவள் மை அசையவில்லை.

"சொல்லுதது கிடக்கட்டும். நெசமாவே போட்டிருக்காவளா?"

"போட்டிருக்காவ."

விரலில் ஈரம் ஊர்வது தெரிந்து, கையைக் கணிப்பு பதியும் டேப்லெட்டுக்கு அடியில் மறைத்தாள்.

"அப்ப என்னையும் எழுதிக்க. குடை," என்றார் டெரன்ஸ். சொன்ன கையோடு அவருடைய மையும் நடுவிரலுக்குப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள். "வெயில் கூடுதலாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவர் நடந்தார். அறுபத்தொன்றும் குடை என்று ஜெப்ஸி பதிந்தாள்.

கத்தரிக்கோல் ஜெயித்தது. ஜெப்ஸியின் வேலை போயிற்று. இரண்டு நாள் அழுதாள். பெரியதாழையில் யார் மீனும் அழுகவில்லை. இப்போது அவள் சாத்தான்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நகம் எத்தனை தடவை வளர்ந்தும் நடுவிரல் மை போகவில்லை. டெரன்ஸையும் சேர்த்து அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் அப்படித்தான். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலுக்குக் கமிட்டி எந்தச் சின்னமும் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் டெரன்ஸ் எழுந்து, நேரத்தோடு போய் ஓட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைப் பைக்குள் விட்டபடி உட்கார்ந்தார்.