வெள்ளைப் பையில் வந்த காய்ச்சல்

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், கண்ணுகளா. உங்கள் மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஓரகத்திகள் இருவர் வேலை பார்த்தார்கள். வீட்டில் ஒரு கரண்டிக்குக்கூட முட்டிக்கொள்வார்கள். வேலையில் ஒருத்தி நுனி பிடிக்காமல் மற்றவளுக்குப் போர்வை மடியாது.

அங்கே ஒரு முறை உண்டு. தொற்று வார்டுத் துணி சிவப்புப் பையில் வரும். அதை அவிழ்க்கவே கூடாது, பையோடு கொதிக்கிற தொட்டியில் போட வேண்டும். வெள்ளைப் பை சாதாரணத் துணி. கொட்டிக் கையால் பிரிக்கலாம்.

அந்த வருஷம் காய்ச்சல் பரவியது. நடைவழியில் சிவப்புப் பைகள் போவதைப் பார்த்து ஜனங்கள் மிரளுகிறார்களாம். மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? பையை மாற்றினார். எல்லாம் வெள்ளை. வாசலில், ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, அச்சம் வேண்டாம்’ என்று ஒரு பலகை. பை மாறிய சேதியைச் சலவைக்கூடத்துக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சின்னவள் பத்து நாள் அந்தப் பைகளை அவிழ்த்து உதறினாள். “சிவப்பே வரலையே அக்கா. நம்ம வெளுப்புக்குப் பயந்து நோய் ஓடிப்போச்சு போல” என்று சிரித்தாள். பதினோராம் நாள் அந்தத் தொற்று வார்டிலேயே மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்தாள்.

பார்க்கப் போன மூத்தவள் கதவுக் கண்ணாடி வழியே கண்டாள்: நர்ஸ் அந்தக் கட்டில் விரிப்பை வெள்ளைப் பையில் திணிக்கிறாள். தாங்கள் அவிழ்த்தது எதை என்று புரிந்து, சலவைக்கூடத்துக்கு இறங்கி ஓடினாள்.

கீழே மேலாளர் வந்திருந்தார். குவிந்த பைகளைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். வெளியே பேசினால் ஊர் கலங்கும், வீட்டிலும் சளிக்காய்ச்சல் என்றே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார், தேன் ஒழுக.

“சரி சார். இந்த ஒண்ணை மட்டும் தொட்டி வரைக்கும் தூக்கிட்டு வாங்க” என்று மூத்தவள் ஒரு வெள்ளைப் பையை நீட்டினாள்.

அவர் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. “இது எந்த வார்டுதும்மா?”

“எங்களுக்கும் அது தெரியலை சார்.”

பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டு வாசலுக்குப் போனார்கள். எந்த மாடியில் காய்ச்சல், எத்தனை பேர், எதைத் தொடக்கூடாது என்று வந்தவர்களிடமெல்லாம் மூத்தவள் சொன்னாள். யாரும் மிரண்டு ஓடவில்லை. கை கழுவ எங்கே தண்ணீர் என்றுதான் கேட்டார்கள்.

மறுநாள் சிவப்புப் பை வந்தது. சின்னவள் ஒரு மாதத்தில் எழுந்தாள். அவள் பக்கத்தில் நின்று பை அவிழ்த்து, காய்ச்சலில் விழுந்த இன்னொருத்தி எழவேயில்லை. எங்கள் அம்மாவிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கும் அவள் பிள்ளைகளுக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை, கண்ணுகளா.