கிளட்ச் மிதிக்கும் கால்

பிப்ரவரியில் மரம் வெட்டப் போன இடத்தில் நடந்த விபத்தில் ஆர்ன்ஃபினின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செப்டம்பரில் ஹார்டாங்கர் மலைச்சரிவுகளில் ஆப்பிள் சிவந்தபோது, செயற்கைக் காலில் அவன் கைத்தடி இல்லாமல் நடந்தான். ஆனால் அவனுடைய ஆப்பிள் தோட்டத்துக்கு நடை மட்டும் போதாது. மேலிருந்து பழப்பெட்டிகளை இறக்கச் சின்ன டிராக்டரை ஓட்ட வேண்டும். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும்.

முதல் நாளே மானம் போயிற்று. கிளட்ச் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. அரைகுறையாக மிதித்துக் கியரைத் தள்ளினான். பற்சக்கரங்கள் அலறின.

"ஊரையே எழுப்பிட்டே," என்றாள் மனைவி சுன்னிவா.

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் பாதிச் சரிவில், வேகம் குறைக்க இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு மாற்றப் பார்த்தான். இரண்டு விட்டது, ஒன்று விழவில்லை. எஞ்சினின் பிடி போனதும் வண்டி தன் இஷ்டத்துக்கு உருண்டது. வலது காலால் பிரேக்கை அழுத்தி, கல்சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். பெட்டிகள் கவிழ்ந்து ஆப்பிள்கள் சாலைவரை ஓடின.

"தோட்டத்தை வித்துடலாம்," என்றான் இறங்கியதும்.

சுன்னிவா ஆப்பிள்களைப் பொறுக்கினாள். பிறகு படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் தன் அண்ணன் ஐலெர்ட்டைக் கூப்பிட்டாள்.

ஐலெர்ட் தரையில் படுத்துக்கொண்டு, ஆர்ன்ஃபின் மிதிப்பதைப் பத்து நிமிடம் பார்த்தான்.

"மாப்ளே, உன் கணுக்கால் மடங்காது. பாதம் சறுக்குது. இனிமே இடுப்பிலேர்ந்து தள்ளு."

இருக்கையைப் பின்னால் நகர்த்தினான். பாதம் வழுக்காமலிருக்க கிளட்ச் மிதியின் ஓரத்தில் இரும்பு விளிம்பு பற்றவைத்தான்.

"இன்னொண்ணு. பாதிச் சரிவுல எவனாவது கியர் மாத்துவானா? மேலயே ஒண்ணு போட்டுட்டு இறங்கணும். ரெண்டு காலும் இருந்தப்பவும் நீ அப்படித்தான் ஓட்டினே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கேக்குற ஆளா நீ?"

ஆர்ன்ஃபினுக்குச் சுருக்கென்றது. ஏனோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. தப்பு முழுவதும் காலுடையது அல்ல.

ஒரு வாரம் கொட்டகைக்குள் எஞ்சினை அணைத்து வைத்துப் பழகினான். சுன்னிவா கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கியர் எண்களைக் கூவினாள்.

"மூணு!... அது ஒண்ணு, மனுஷா!"

"கை தெரியாம போயிடுச்சு."

"அதுக்குத்தானே உக்காந்திருக்கேன். மறுபடி மூணு!"

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பெட்டிகளோடு மேலே சமதளத்தில் நின்றான். மிதி அடியில் போய் முட்டி நிற்பது இடுப்பில் தெரிந்தது. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்சை மெதுவாக விட்டு, இடது காலைப் பக்கத்துக் கால்பலகைமேல் எடுத்து வைத்தான். எஞ்சின் சுமையைப் பிடித்துக்கொண்டது. வண்டி நடைவேகத்தில் இறங்கியது. பாதி வழியில் பழக்கதோஷத்தில் கை கியர்த்தண்டைத் தேடிப் போயிற்று. இழுத்து ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டான். கீழே வரும்வரை அந்தக் காலுக்கு ஒரு வேலையும் இல்லை.

சாலையில் நிறுத்தி, மிதித்து, மூன்றாவது கியர் போட்டான். அதுவும் வெண்ணெயாய் விழுந்தது.

சுன்னிவா மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேல இன்னும் எத்தனை பெட்டி இருக்கு?" என்றான்.

"முப்பத்தாறு."

"அப்ப இதை இறக்கிட்டு வர்றேன். காபியை மேலயே கொண்டு வந்துடு."