பச்சை விளிம்புத் தட்டு

"பைய பின்கதவுப் பக்கமே வச்சிடு உர்சுலா. அவங்க வர்ற நேரத்துல நீ ஹால்ல பையும் கையுமா நின்னா நல்லாவா இருக்கும்?"

மார்செல்லா கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே சொன்னார். குரலில் கோபமே இல்லை. மேசையில் உப்பை எங்கே வைப்பது என்று சொல்வது போலத்தான் சொன்னார். மருமகள் உர்சுலா பையைத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அருகில் வைத்தாள்.

மகள் பிரெண்டா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் மாதா கோயிலில் அவளுக்கும் ஐவனுக்கும் மூன்று முறை வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டாவதை வாசித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கோலாலம்பூரின் பங்சாரிலிருந்து ஐவனும் அவன் அம்மாவும் பண்டமாரானில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் அண்ணி மேரு என்ற ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கல்யாணம் முடிகிறவரை இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இது மார்செல்லாவின் ஏற்பாடு. பிரெண்டாவின் அண்ணன் ரோனி, உர்சுலாவின் கணவன், வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஐஸ் வாங்கக் கடைக்குப் போய்விட்டான்.

காரணம் என்னவென்று கேட்டால், நெஞ்சுச்சீக்கு. அதாவது டிபி. உர்சுலாவின் ஐந்து மாதக் குழந்தை லியோனி இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த நோய் மூளைக்கு ஏறி இறந்துபோனது. "பெத்தவளே பிள்ளைக்குச் சீக்கு கொடுத்துட்டா" என்று வீட்டுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கோயில் வளாகத்தில் அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நோயைத் துரத்துவதுதான் பிரெண்டாவின் பிழைப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க டிபி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து ஆராய்கிறாள். அவள் கணினித் திரையில் நோயாளி என்பவர் பெயரில்லாத ஒரு புள்ளி. கிருமியின் மரபணு ஒத்துப்போனால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கோடு இழுப்பாள். எத்தனையோ கூட்டங்களில் அந்தப் படத்தைக் காட்டிக் குரல் நடுங்காமல் பேசியிருக்கிறாள். இப்போது அதில் ஒரு புள்ளி லியோனி. அந்தப் புள்ளிக்கு வரும் கோடு இந்த வீட்டுக்குள்ளிருந்தேதான் புறப்படுகிறது. ஆனால் உர்சுலாவிடமிருந்து இல்லை. அவளுக்கு எக்ஸ்ரே, ரத்தம், சளி எல்லாம் சுத்தம்.

கோடு புறப்படுவது பிரெண்டாவின் அப்பா பேசிலிடமிருந்து. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர், ஊரில் நல்ல பேர்.

லியோனி குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. எடை கூடியதும் கொண்டு வாங்க, டிபி தடுப்பூசி போடணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எடை கூடியது. ஆனால் ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளையை வாசப்படி தாண்ட விடக்கூடாது என்பது மார்செல்லாவின் சட்டம். ஞானஸ்நானமோ கோயிலின் பங்குத் திருவிழாவரைக்கும் தள்ளிப்போனது, அன்றைக்குத் தாத்தாவின் குழுதான் பாட வேண்டும் என்பதற்காக. உர்சுலா கெஞ்சிப் பார்த்தாள். "அம்மா சொன்னா கேளேன் லா" என்றான் ரோனி. ஊசி காத்திருந்தது. நோய் காத்திருக்கவில்லை.

அந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் பேசில் பேத்தியை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு பாட்டு ஒத்திகை பார்ப்பார். நடுவில் இருமுவார். பாடகருக்குத் தொண்டைதானே கரகரக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் இருமும்போதெல்லாம் லியோனி சிரிக்கும். தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டது பாவம்.

அந்தச் சிரிப்புத்தான் பிரெண்டாவை விடமாட்டேன் என்கிறது. ரயிலில் யாராவது இருமினால் போதும், அடுத்த நொடி அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் தொண்டையைச் செருமினாலும் விழுகிறது. திரையிலிருக்கும் புள்ளிகளைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

குழந்தை இறந்த பிறகு சுகாதார இலாகா ஆட்கள் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பேசில் மட்டும் போகவில்லை. அவர் வெளியூரில் இருப்பதாக மார்செல்லா சாதித்துவிட்டார். பெண்ணைப் பெற்ற வீட்டில் நெஞ்சுச்சீக்கு என்று தெரிந்தால் வந்த சம்பந்தம் கைநழுவிப் போகும் என்ற பயம். கடைசியில் பிரெண்டாதான் அவரை வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறார், இனி அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மாத்திரை பிஸ்கட் டின்னுக்குள் ஒளிந்திருக்கிறது. பழி உர்சுலாவின் தலையில் இருக்கிறது.

"அம்மா, அண்ணிக்கு ஒண்ணும் இல்லன்னு எத்தனை தடவ சொல்றது? அவங்களுக்கு எதுக்குத் தனித் தட்டு? டிபி தட்டுல பரவாது, காத்துல பரவும்."

"உன் ஆராய்ச்சிய ஆபீஸோட வச்சுக்க" என்றார் மார்செல்லா. "ஊரு வாயை நீயா வந்து மூடப் போற? அவ நம்ம ஆளுங்களும் இல்ல. ரோனி ஆசப்பட்டுட்டான்னு கட்டி வச்சோம். கொஞ்ச நாளைக்குப் போய் இருக்கட்டும்."

பின்பக்கத்தில் உர்சுலா தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சை விளிம்பு போட்ட பழைய எனாமல் தட்டு. அது மற்றத் தட்டுகளோடு சேராமல் தனி ஆணியில் தொங்கும்.

உர்சுலாவைக் கூட்டிப்போக வேண்டிய அவள் அண்ணனின் லோரி வண்டி நேரத்துக்கு வரவில்லை. ரோனி ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஐவனின் அம்மா கிளாரிஸ் நகைநட்டு அதிகமில்லாமல், ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உடுத்தியிருந்தார். எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மருமகளக் காணோமே?"

மார்செல்லா குரலைத் தாழ்த்தினார். "ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. அவளுக்கு நெஞ்சுச்சீக்கு. பிள்ளைக்கும் அதான். அவங்க வீட்டுக்கே அனுப்பிடறோம், கல்யாண வீட்டுல எதுக்கு."

"ஐயோ பாவம்" என்று கிளாரிஸ் உச்சுக்கொட்டினார். "அந்த மாதிரி எடத்துல இருந்து வந்தா அப்படித்தான். சுத்தபத்தம் இருக்காது."

பிரெண்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி யார் என்று வெளியில் சொல்லாமல் இருப்பது அவள் தொழிலின் முதல் பாடம். இத்தனை வருஷத்தில் ஒருவர் பெயரையும் அவள் வாய் தவறிச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் அப்பாவின் மானம் போகும், மூன்றாவது ஓலை வாசிக்காமலே போகலாம். சொல்லாவிட்டால் அண்ணி, பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரோடு காலத்துக்கும் வாழ வேண்டும்.

"அண்ணிக்குச் சீக்கு எதுவும் இல்ல ஆன்டி" என்றாள். குரல் நடுங்கியது. "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. பிள்ளைக்கு அவங்ககிட்ட இருந்து வரல."

"பிரெண்டா" என்றார் மார்செல்லா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்ன யாருகிட்ட இருந்து?" என்று கிளாரிஸ் கேட்டார்.

பிரெண்டா மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். பேசில்தான் நிமிர்ந்தார். லியோனியை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் ஒரு பாட்டும் பாடவில்லை, பேசுவதும் குறைந்துவிட்டது.

"எங்கிட்ட இருந்துதான்" என்றார். "எனக்குத்தான் டிபி. மருந்து சாப்பிடறேன். பிள்ளைய நான்தான் தூக்கிட்டு இருந்தேன்."

மார்செல்லா பேயறைந்தவர் போல் நின்றார். ஐவன் பிரெண்டாவைப் பார்த்தான். எல்லோரும் கிளாரிஸின் வாயைப் பார்த்தார்கள்.

கிளாரிஸ் துடைதாளால் உதட்டை ஒற்றிக்கொண்டார். "அட, அதுக்கென்ன அண்ணே? இப்பத்தான் மருந்து இருக்கே. ஆறு மாசத்துல சரியாப் போயிடும். எங்க மாமாவுக்குக்கூட வந்துச்சு. நல்ல குடும்பத்துல வராததா லா. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

அவ்வளவுதான். சம்பந்தம் கைநழுவவில்லை. இந்த ஒரு பயத்துக்காகத்தான் வெளியூர் என்று பொய் சொன்னார்கள், மாத்திரையை ஒளித்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேலேயே பழியைப் போட்டார்கள். உர்சுலாவிடம் இருந்தால் அசிங்கம். பேசிலிடம் இருந்தால் வெறும் நோய். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று பிரெண்டாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

மார்செல்லாவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா, ஒங்க மனசு யாருக்கு வரும்" என்று சிரித்துக்கொண்டே உள்பக்கம் திரும்பினார். "உர்சுலா, மாமாவுக்குச் சூடா சோறு போட்டுக் கொண்டா. இனி நீதான் அவரப் பாத்துக்கணும். பைய உள்ள எடுத்து வை."

உர்சுலா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் அவள் அழவில்லை. கையில் சோறும் கறியும் போட்ட தட்டு. அதை மாமனார் முன்னால் மெதுவாக வைத்தாள்.

பச்சை விளிம்புத் தட்டு.

மார்செல்லா பதறிப்போனார். "ஏய், என்ன இது? மாமாவுக்கா இந்தத் தட்டு? டிபி தட்டுல பரவாது. பிரெண்டா எத்தனை தடவ சொல்லியிருக்கா, உனக்குத் தெரியாது?"

"தெரியும் அத்தை" என்றாள் உர்சுலா. "நான் கல்யாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே இந்தத் தட்டுலதான் எனக்குச் சோறு போட்டீங்க. அன்னைக்கு எனக்கு என்ன சீக்கு?"

வெளியே லோரி ஹாரன் அடித்தது. உர்சுலா போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். ஆனால் பின்கதவைத் திறக்கவில்லை. ஹால் வழியாக, எல்லோரும் உட்கார்ந்திருந்த மேசையைத் தாண்டி, முன்வாசலுக்கு நடந்தாள். பிரெண்டா எழுந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கூடவே போனாள்.

பேசில் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.