இடப்பக்கத்துக் கீழ்ச்சட்டம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, என் மொழி. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. கேட்டவர் அதை ஊருக்குள் விடவும் கூடாது. "நீங்க தமிழ்லதானே எழுதுறீங்க, ஜோ? இங்க யாருக்கு அதைப் படிக்கத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலாந்தின் லெட்பரியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். நான் தமிழில் எழுதுவதால் இந்த ஊரில் ஒருவருக்குக் கிடைத்த முதல் பயன் இதுதான்.

(ஜோ என்பது நான். பரஞ்சோதி என்ற பெயரில் அவர்கள் வாய்க்கு அகப்பட்டது அவ்வளவுதான்.)

அவள் பெயர் பெத்தன் பிரீஸ். வயது பத்தொன்பது. ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் காலை வேலை. மீதி நேரமெல்லாம் வீட்டுப் பக்கத்துக் கராஜில், 1967-இல் செய்த மோரிஸ் டிராவலர் வண்டியோடு. அந்த வண்டி அவள் அப்பாவுக்கும் மூத்தது. நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள்: முன்பாதி சாதாரணக் கார், பின்பாதியில் மரச்சட்டங்கள் வெளியே தெரிய, சக்கரம் வைத்த அலமாரி போல ஒன்று.

ஆக, இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்று எங்கோ உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியப்போகிறது. தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்தது."

(அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இது செய்தியே அல்ல.)

தொடக்கம் இரண்டு: "வண்டியின் சன்னல் விளிம்பில் வரிசையாகக் காளான் முளைத்திருந்தது."

(உண்மை. வாங்கிய அன்று எடுத்த படம் அவளிடம் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் வாசகர் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார், அவளைப் பார்க்கமாட்டார்.)

தொடக்கம் மூன்று: "எதையும் முடிக்காத பெண் ஒருத்தி இருந்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். அவள் வீட்டார் சொல்லும் வாக்கியமே இதுதான். வயலின் ஆறு வருடம் கற்றாள், கடைசித் தேர்வுக்குப் போகவில்லை. கல்லூரியில் சேர்ந்தாள், இரண்டாம் பருவத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். அக்கா மெகனின் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னினாள். உடம்பு வந்தது, கைகள் வரவில்லை. அப்பா கிளைவ் அவளுக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தார். வீட்டில் வைத்த பெயர் மதுக்கடைவரை போய்விட்டது. கிளைவ் கெட்ட மனிதர் இல்லை. ஆப்பிள் மது ஆலைக்கு லாரி ஓட்டுகிறார், தெருவில் யாருக்கு எது பழுதானாலும் முதலில் வந்து நிற்பார். கேலிதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல். வாங்கிக்கொள்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

முதல் வரைவில் ஒரு கிழத் தச்சரைக் கொண்டுவந்து பெத்தனுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கவைத்தேன். நடுங்கும் கைகள், ஞானமான இரண்டு வாக்கியங்கள், எல்லாம் வைத்து. அதைச் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யூடியூபும், அவளே வீணாக்கிய பலகைகளும்தான். தச்சரை அனுப்பிவிட்டேன்.

3

வேலையைப் பற்றிக் கொஞ்சம். அந்த மரம் அழகுக்கு ஒட்டியது அல்ல. ஆஷ் என்ற உறுதியான மரத்தின் சட்டங்கள்தான் பின்பாதியின் எலும்பு. கூரை, கண்ணாடி, அலுமினியத் தகடு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மரத்தை உருவினால் பின்பாதி குப்பையாகக் கீழே கிடக்கும். அதனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிரித்தால் அளவெடுக்க எதுவும் மிஞ்சாது.

பெத்தன் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். பழைய துண்டைக் கழற்றி, அதைப் புதுப் பலகைமேல் வைத்து வரைந்து, அறுத்து, செதுக்கி, பொருத்திப் பார்த்து, பொருந்தாமல், மறுபடி. சக்கரத்தின்மேல் வளையும் துண்டை மூன்று முறை செய்தாள். முதலாவது குட்டையாகிவிட்டது. இரண்டாவது அச்சு அசலாக வந்தது, ஆனால் இடவலம் மாறி. அதைப் பார்த்து கிளைவ், "பரவால்ல, அந்தப் பக்கத்துக்கு ஆச்சு. முக்கால் வேலை முன்கூட்டியே முடிஞ்சது பாரு" என்றார். அவள் மூன்றாவதை அறுத்தாள். பிறகு அப்பா சொன்னபடியே இரண்டாவது அந்தப் பக்கத்துக்கு ஆயிற்று.

ஒன்றரை வருடம். இடையில் விட்டுவிடுவாள் என்று தெருவே காத்திருந்தது. நானும்தான். எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. என் அலமாரியில் மூன்று நாவல்கள் பாதியில் நிற்கின்றன, அவளும் விட்டுவிட்டால் துணைக்கு ஆள் கிடைக்கும்.

அவள் விடவில்லை. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வண்டி வெளியே வந்தது. கிளைவ் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அன்று மாலை மதுக்கடையில் எழுந்து நின்று, கோப்பையைத் தூக்கி, "எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க முக்கால் முழுசாயிட்டா. இனிமே அவளை அப்படிக் கூப்பிடறவன் எனக்குப் பதில் சொல்லணும்" என்றார். அந்தப் பெயரை வைத்ததே தான்தான் என்பது அவருக்கு நினைவில்லை போலிருந்தது. பெத்தன் சந்தோஷத்தில் அழுதாள்.

('சந்தோஷத்தில்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அடுத்த பகுதியில் வருவது தெரியாமல் அன்று நான் நினைத்தது அது.)

4

இடப்பக்கத்தில் ஒரு துண்டு பழையது.

பின்சக்கரத்துக்குப் பின்னால் அடியில் ஓடும் கீழ்ச்சட்டம் அது. கழற்றாமலே தட்டிப் பார்த்தாள், கணீரென்று ஒலித்தது. மேலே நிறமும் நன்றாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் மாற்றினாள், அதை விட்டாள். அலுத்துப்போயிருந்தாள் என்பதையும் அவளே சொன்னாள். எல்லாம் பசை போட்டு இறுகி, கூரை ஏறி, கண்ணாடி மாட்டிய பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்பு, துடைத்துக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாக ஈரத்தூள் ஒட்டியிருந்தது.

அதை மாற்ற வேண்டுமானால் இடப்பக்கம் முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும். ஏழு மாதம்.

அவள் கராஜ் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மக்கியதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். டப்பாவில் விற்கும் மரப்பசையில் ஆஷ் மரத்தூளைக் கலந்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடுந்தேநீரைத் தடவி நிறம் ஏற்றி, மூன்று கை வார்னிஷ் அடித்தாள். பூசி மெழுகுவதிலும் ஒரு கைத்திறன் இருக்கிறது. இப்போது வண்டியிலேயே அழகான துண்டு அதுதான். கிளைவ் சுற்றி நடந்தபோது நின்று தடவிப் பார்த்த இடமும் அதுதான்.

யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. நம்மூரில் எஃப்.சி. காட்டப் போவது போன்ற தொல்லை இல்லை. உரிமையாளர் மனச்சாட்சிப்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே சட்டம்.

இந்தச் சனிக்கிழமை கிளைவ் அந்த வண்டியை மலைப்பாதை வழியாக பார்மத் கடற்கரைக்கு ஓட்டிப்போகிறார். பக்கத்தில் பெத்தன். பின்னால் மெகனும் ஐந்து மாதக் குழந்தையும். குழந்தையின் இருக்கை இடப்பக்கம். வழியில் யாராவது அந்தப் பக்கம் வந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன்.)

உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாது. உடையாது என்றும் தெரியாது. எனக்குச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "சொன்னா மறுபடி முக்கால்தான், ஜோ. சாகிற வரைக்கும்."

நான் என்ன செய்தேன் என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரிடம் நான் நன்றாகக் கற்றது இது.

5

முடிவுகள். எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி, வாழ்க்கை ஒன்றைத் தருவதற்குள் மூன்றைச் செய்துகொள்ளலாம்.

முடிவு அ: மலை ஏற்றத்தில் பின்னால் ஒரு முறிவுச் சத்தம். கிளைவ் ஓரங்கட்டுகிறார். யாருக்கும் ஒன்றுமில்லை. சட்டம் பிளந்து தொங்குகிறது, உண்மை தெரிகிறது. (யாருக்கும் ஒன்றுமில்லை என்று எழுத எனக்கு என்ன தைரியம்?)

முடிவு ஆ: டயருக்குக் காற்றடிக்க நிறுத்தும் இடத்தில் பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் ஒருவன் குனிந்து, விரலால் தட்டி, முகத்தைச் சுளிக்கிறான்.

முடிவு இ: கிளைவ் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார், மகள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார். கட்டிக்கொள்கிறார்கள். (இது என் மனைவிக்குப் பிடித்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.)

வியாழக்கிழமை பெத்தனை உட்காரவைத்து, எழுதியவரை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். தன் கதையைக் கேட்கிறவள் போல இல்லை. அறுத்த பலகையில் கோணல் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"மூணுலயும் அவ வாயவே தெறக்கலையே" என்றாள்.

முப்பது வருடமாக எழுதுகிறேன். விமர்சகர்கள் பலர் பல சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக எவரும் குத்தியதில்லை. ஆமாம், மூன்றிலும் மரமோ மெக்கானிக்கோ அப்பாவோ வந்து அவளுக்காகப் பேசிவிடுகிறார்கள். எனக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது, நம்பிக்கை இல்லை.

போகும்போது வாசலில் நின்று, சனிக்கிழமை கிளம்புமுன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். நாலாவது பகுதியையும் சேர்த்தா என்று கேட்டேன். காது கேட்காதவள் போலப் போய்விட்டாள்.

6

இது சனிக்கிழமைக்குப் பிறகு எழுதியது.

காலை ஒன்பது மணி. வண்டி தெருவில் நிற்கிறது. மெகன் பின்னிருக்கையில் குழந்தையை வைத்து வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். கூடையில் சாண்ட்விச், பன்றிக்கறி அடைத்த பஃப்ஸ், ஃப்ளாஸ்க். கிளைவ் வாசல் சுவரில் சாய்ந்துகொண்டு, "சட்டுனு படிப்பா, ஜோ. நீ எழுதின மொழியில ஒரு வார்த்தை சொல்லவே அரை மணி ஆகும்போல இருக்கு. கார் நிறுத்த இடம் கெடைக்காமப் போயிரும்" என்றார்.

படித்தேன். ரகசியம் பேசும் முதல் பகுதியை விட்டு, இரண்டிலிருந்து. காகிதத்தில் தமிழ், வாயில் ஆங்கிலம். காளானுக்குச் சிரித்தார். கிழத் தச்சரை நான் துரத்தியதற்குச் சிரித்தார். 'கேலிதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல்' என்ற இடத்தில் சிரிக்கவில்லை, மகளைப் பார்த்தார். மூன்றாம் பகுதியில் தான் மதுக்கடையில் பேசியது வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. நாலையும் ஐந்தையும் சேர்த்துத் தாண்டி, காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை அங்கேயே செய்தேன்: "ஆக, ஒரு சனிக்கிழமை காலையில் எல்லோரும் கடலைப் பார்க்கப் புறப்பட்டார்கள்." தூள் கலந்து அடைத்து, தேநீர் தடவி, வார்னிஷ் அடித்த வாக்கியம். ஒட்டு தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவில் எவருக்கும் தமிழ் படிக்க வராது.

கிளைவ் கைதட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கித் திரும்பினார்.

"அது முடிவு இல்ல, ஜோ" என்றாள் பெத்தன். "நாலு விட்டுப்போச்சு."

"நாலுல என்ன?" என்றார் கிளைவ்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்கதவுவரை நடந்து போனாள். "மெகன், பாப்பாவை எறக்கிக்கோ" என்றாள்.

மெகன் ஏன் என்று கேட்டாள். பெத்தன் மறுபடி அதையே சொன்னாள். குழந்தை வெளியே வந்து மெகனின் தோளில் ஏறும்வரை காத்திருந்தாள். நான் காகிதத்தைப் பின்னால் புரட்டி நாலாம் பகுதியைத் தேடினேன். "வேணாம், நான் சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். நான் எழுதியிருந்ததைவிடக் குறைவான வார்த்தைகளில், தேநீரையும் மூன்று கை வார்னிஷையும் விடாமல் சொன்னாள். நான் செய்ய வேண்டிய மொழிபெயர்ப்பு எதுவும் இருக்கவில்லை. அவள்மேல் எனக்கு அப்போது ஏற்பட்டது இரக்கம் அல்ல என்பதை மட்டும் இங்கே பதிந்துகொள்கிறேன்.

கிளைவ் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், ஆறடி தள்ளித்தான் நின்றேன். அதை எழுதப்போவதில்லை. எழுதினால் நான் அதைத் தேய்த்து நிறமேற்றிவிடுவேன், என் கை செய்யும் வேலையை அன்று காலையில்தான் பார்த்தேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். நாலாவது பகுதியை இன்னொரு முறை படியுங்கள். இம்முறை வாசகராக அல்ல. கையில் சாவியோடு, ஊர் முன்னால் மகளைப் பற்றிப் பெருமை பேசி முடித்துவிட்ட அப்பாவாக, அவள் சொல்லச் சொல்ல நின்று கேளுங்கள். முடிந்ததும் உங்கள் வாயில் முதலில் வரும் வார்த்தைதான் முடிவு. அவள் காத்திருக்கிறாள், யோசித்துச் சொல்ல நேரமில்லை.