தல்கோத்

உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து மம்பட்டிக் காம்பு பிசுபிசுத்தது. ரோஸ்லின் துப்பட்டாவைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள். பின்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் ஆறு வருசமாக ஆட்களைத் தூக்கிப் புரட்டிய முதுகு அது. இந்தச் சரளை மண்ணுக்கு அதுவும் விண்ணென்று தெறித்தது.

குழி முழங்கால் ஆழம்தான் ஆகியிருந்தது. அவள் லீவில் ஊருக்கு வந்த நாலாம் நாள் விடியற்காலம் இறந்த அப்பா பீட்டர்ராஜ் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். நாலு மணிக்குப் பூசை.

பெரியப்பா மகன் ஜேசுராஜ், தெருக்காரர் இருவரோடு கடப்பாரையும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தான்.

"ஏத்தா, கிறுக்கா ஒனக்கு? செத்த வீட்டாளு குழி வெட்டுவாகளா? மேல ஏறு."

"ஏறமாட்டேண்ணே."

தெருவில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒருவர் குழி வெட்டப் போகவேண்டும். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள் திருப்பவேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்த மூன்று வருசத்தில் இந்த மூவர் வீட்டிலும் ஒவ்வொரு சாவு. பீட்டர்ராஜ் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

"ஒங்க மூணு வீட்டுக்கும் நாங்க வரல. நீங்க எதுக்கு வர்றீக?"

"சித்தப்பா படுத்துட்டாக, நீ சீமையில கெடந்த. அதுக்குன்னு அவுகள மண்ணுக்கு மேலயா வைக்கிறது?"

"அங்கனயும் இப்பிடித்தாண்ணே. ஒரு வீட்டு வேலைய ஊரே சேந்து சும்மா செய்யும். தல்கோத்னு பேரு. அந்தச் சொல்லு அவுகளுது இல்ல. கடலுக்கு அந்தப்பக்கம் லிதுவேனியாக்காரக தல்கான்னு சொல்வாக. அவுக முன்னோருகிட்ட வாங்குனது. பாஷை கிளாசுல சொன்னாக."

"வாங்குன சொல்லத் திருப்பிக் குடுத்தாகளா?"

"இல்ல."

"பொறகென்ன? வச்சுப் பொழைக்கிறாகல்ல."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ரோஸ்லின் மண்ணை அள்ளி மேலே வீசினாள்.

"எங்கப்பா கடனாளியா இதுக்குள்ள எறங்கக்கூடாது."

"அவுக குழிய நீயே வெட்டுனா எவன் கடன் தீரும்?"

"அடுத்த சாவுக்குச் சொல்லிவிடுங்க. பிளைட் ஏறி வர்றேன்."

"நீ வர்றதுக்குள்ள நாறிப்போகும்ல."

அவள் மம்பட்டியை ஓங்கி மண்ணில் போட்டாள். ஜேசுராஜ் எதிரே குதித்துக் கடப்பாரையைப் போட்டான். மூவரும் மாறி மாறி இறங்கிப் பெயர்க்கப் பெயர்க்க அவள் அள்ளினாள். அதற்குப் பிறகு யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அப்பாவை இறக்கினார்கள். அம்மா இருதயம்மாள் போட்ட ஒரு பிடி மண் பெட்டிமேல் விழுந்து சிதறியது.

குழி வெட்டியவர்கள் செத்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மூவரும் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தார்கள்.

மூன்று வீட்டுக்கும் ஏற்கெனவே மூன்று ஆள்வேலை பாக்கி. இன்றோடு ஆறு.