மலர்வளையமும் பன்றித்தொடையும்

எங்கள் ஊர்க் காவலர் சங்கத்துக்கு இரண்டே செலவுகள். உறுப்பினர் வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு முழுப் பன்றித்தொடை. சாவு விழுந்தால் ஒரு மலர்வளையம். வருமானம் ஒன்றுதான்: வசந்த காலத்தில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் சங்கம் டிக்கெட் விற்றுப் போடும் பான்கேக் விருந்து.

தொடக்கத்தில் எல்லோரும் இளைஞர்கள். பன்றித்தொடை வாங்கியே சங்கம் போண்டியாகப் பார்த்தது. உறுப்பினர் டூலி வீட்டில் மட்டும் ஐந்து குழந்தைகள். "அடுத்ததுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கடா" என்றார் பொருளாளரான என் கணவர் வெண்டல். பிறகு பிள்ளைப்பேறு ஓய்ந்தது. வங்கியில் ஆயிரக்கணக்கில் டாலர் சேர்ந்தது. அதன்பின் ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்தார்கள். சுரங்கம் மூடி ஊரும் சிறுத்ததால் பான்கேக் தின்ன ஆள் இல்லை. பூக்கடைக்காரன் மட்டும் புது வண்டி வாங்கினான்.

போன டிசம்பர் கூட்டத்தில், இனி மலர்வளையம் கிடையாது என்று வெண்டல் தீர்மானம் கொண்டுவந்தார். "செத்தவன் மோந்தா பாக்கப் போறான்? பிறந்த வீட்டுலயாவது நாலு நாள் சாப்பிடுவாங்க." நிறைவேறியது. பிப்ரவரியில், வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது அவரே போய்விட்டார்.

மறுநாள் டூலி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். சங்கத்தில் இப்போது ஆறே பேர்.

"நோரீன், ஒரு வளையத்துக்குக் காசிருக்கு. விதியெல்லாம் பாக்க வேண்டாம்னு பேசி முடிச்சுட்டோம்."

"உங்க ஆறு பேர்ல சின்னவன் அந்த பைன், அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் எப்ப?"

"இந்த மாசக் கடைசி. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு அந்த வளையம் வேண்டும் என்றுதான் இருந்தது. மற்ற எல்லோருடைய சவப்பெட்டிமேலும் அவர் கையால்தான் வளையம் வைத்தார். அவரை மட்டும் வெறும் பெட்டியில் எப்படி அனுப்புவது? ஆனால் அது அவருடைய தீர்மானம். அதை உடைக்க என் சமையலறையா கிடைத்தது?

"பன்றித்தொடை வாங்கு" என்றேன்.

"பிடிவாதத்துல அவனுக்குன்னே பிறந்தவ நீ."

அடக்கத்தன்று ஆறு பேரும் சொந்தக் காசில் ஆளுக்கொரு பூங்கொத்தோடு வந்தார்கள். ஒன்றின் நிறம் மற்றொன்றோடு ஒட்டவில்லை. டூலியுடையது பெட்ரோல் பங்க் கடையில் வாங்கியது, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் பெட்டிமேல் வைத்ததும் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

டூலி என் காதருகே குனிந்தான்.

"இதுக்குச் சங்கத்துல காசு திருப்பித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க" என்றேன்.