ஈரல் நிற மூக்கு

எனக்குக் கோபம் வந்தால், வட இங்கிலாந்தில் வேர் என்கிற எங்கள் ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நாய் வாயைத் திறக்கக் கூடாது. முயல் வளைக்குப் பக்கத்தில் நாய் ஒரே ஒரு முறை 'வள்' என்றால் போதும், அன்றைய பிழைப்பு போயிற்று. உள்ளே இருக்கிற முயல் வெளியே வராது. கீரி மாதிரி நீளமாக இருக்கிற என் ஃபெரெட்டை உள்ளே விட்டாலும் மூலையில் முடங்கிக் கடிபட்டுச் சாகுமே தவிர ஓடி வராது. அப்புறம் நான் மண்வெட்டியோடு அரை நாள் தோண்ட வேண்டும். ஐந்து பண்ணைகளில் முயல் பிடிக்கிறேன், இருபத்து நான்கு வருஷமாக. "ஐனா, உன் நாய்க்கும் சேர்த்து நீயே குரைச்சுடுறியே" என்று எங்கள் ஊர் மதுக்கடையில், பப்பில், கேலி செய்வார்கள். செய்யட்டும்.

என் பெட்டை டான்சி விப்பெட், ஒல்லியான ஓட்ட நாய். கறுப்பு. அவள் ஓடினால் முயலுக்கு அடுத்த மூச்சு கிடையாது. மூக்குதான் சரியில்லை. காலி வளை முன்னால் பக்தியோடு நிற்பாள், முயல் இருக்கிற வளையைத் தாண்டிப் போய்விடுவாள். அதனால்தான் வளையை மோப்பம் பிடிக்கிற டெரியர் நாயின் ரத்தம் வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்த டெரியர் என்பதில் ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். புல் டெரியர் கலந்தால் தாடை முரடாகிவிடும். விலா நொறுங்கிய முயலைக் கசாப்புக்காரன் என் மூஞ்சியில் விட்டெறிவான். பார்டர் டெரியர் நல்ல நாய், கால் குட்டை. ஜாக் ரஸ்ஸல் கலப்பின் வாய்க்கு என் வாயே தேவலை. மிச்சம் பெட்லிங்டன். உயரமான கால், நல்ல மூக்கு, மழைக்குத் தாங்குகிற முரட்டு ரோமம்.

ஆனால் இன்றைக்கு பெட்லிங்டன் என்று விற்பதெல்லாம் காட்சி மேடை நாய்கள். ஆட்டுக்குட்டி மாதிரி கத்தரித்து, பவுடர் போட்டு, மேஜை மேல் நிறுத்தி ரிப்பன் வாங்குவார்கள். அந்த நாய்களில் பாதிக்கு முயல் என்றால் என்னவென்றே தெரியாது.

இந்தப் பள்ளத்தாக்கில் உண்மையான வேட்டை பெட்லிங்டன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆல்வின் ட்வெடிலின் ஃப்ளின்ட். ஆல்வின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷமாகத் தன் சொந்த வரிசையை வளர்த்தவர். ஃப்ளின்ட் நீலச் சாம்பல் நிறம், ஒன்பது வயது, வாரிசு இல்லை. அவனுக்குப் பிறந்த கடுவன் ஒன்று சாலையில் அடிபட்டுச் செத்தது, இன்னொன்று நோயில் போயிற்று. மே மாதம் ராத்பரியிலிருந்து ஒரு பெண்மணி தன் வேட்டை பெட்லிங்டன் பெட்டையை அவனிடம் கொண்டுவருவதாக இருந்தாள். அவளும் நானும்தான் அந்த ரத்தத்துக்கு மிச்சம் இருந்த வழி. நாங்கள் இருவரும் இல்லையென்றால் ஃப்ளின்ட்டோடு எல்லாம் முடிந்தது.

"டான்சி சுத்த விப்பெட்தானே?" என்று ஆல்வின் கேட்டார். "பாதிக்குப் பாதி இருக்கணும் ஐனா. டெரியர் அதுக்கு மேல போச்சுன்னா வாய் திறந்துடும்."

"சுத்தம். கத்பர்ட் வாங்கிட்டு வந்தது. அவனையே கேளுங்க."

கத்பர்ட் என் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். ஆல்வினுக்குக் கூலியாக, பிறக்கிறதில் அவருக்குப் பிடித்த ஒரு குட்டி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நாய்களை இணைக்கு விட்டால் இரண்டு சொந்தக்காரர்களும் கூடவே நிற்க வேண்டும், இரண்டும் பிரிகிறவரை. பிறகு எவனும் எவனையும் சந்தேகப்படக் கூடாது, அதற்காக. முதல் நாள் நின்றேன். மூன்றாம் நாள் மறுபடி விட வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஃபாசெட் பண்ணையில் ஆட்டுக்கு வைத்திருந்த புல்லை முயல் மொட்டையடிக்கிறது என்று ஆள் வந்துவிட்டது. "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆல்வின். போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் முற்றத்தில் டெஸ்மண்ட் பைபஸின் வேன் நின்றது. டெஸ்மண்ட் அவருடைய மருமகன். வேனுக்குள் அவனுடைய ரிப்பன் நாய் டியூக், சீவிய தலையோடு உட்கார்ந்திருந்தது. ஈரல் நிறம்.

ஒன்பது வாரம் கழித்து, மார்ச் கடைசியில், டான்சி ஐந்து குட்டி போட்டாள். மூன்று கறுப்பு. இரண்டு பழுப்பு. பழுப்பு என்றால் சுத்த ஈரல் நிறம், மூக்கு உட்பட.

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. கறுப்புப் பெட்டை, நீலச் சாம்பல் கடுவன், பழுப்பு எங்கிருந்து வந்தது? வேனில் உட்கார்ந்திருந்ததே, அங்கிருந்துதான். கிழவர் தன் நாய்க்கு வயதாகி முடியவில்லை என்றதும் மருமகனுடைய பொம்மையை விட்டிருக்கிறார். குட்டிகளின் கண் திறப்பதற்குள் நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பப்பில் நாய்க்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். ஆல்வின் ஹாம் வைத்த ரொட்டியும் ஊறுகாய் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ஆல்வின் ட்வெடில்! நீ மனுசனாய்யா? ஃப்ளின்ட்டுக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? மருமகனோட பொம்மையை விட்டு என் பெட்டையோட கடைசிப் பேறைக் கெடுத்துட்டியே!"

"என்ன சொல்றே?"

"பழுப்பு மூக்கு ரெண்டு கிடக்குது என் கொட்டகையில! வந்து பாரு! முப்பது வருசம் உன் வார்த்தைன்னா கல்வெட்டுன்னு நம்பினோம். த்தூ!"

ஒருவன் சிரித்தான். "ஐனா மோப்பம் புடிச்சிட்டா, இனி விட மாட்டா" என்றான் இன்னொருவன். ஆல்வின் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இருக்கு!"

"நீ பேசு. எனக்கு உன் குட்டி ஒண்ணும் வேண்டாம்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் சொல்ல முடியாமல்தான் ஓடுகிறார் என்று எனக்கு வெற்றிக் களிப்பு. எட்டு வாரம் ஆனதும் ஐந்து குட்டியையும் தள்ளிவிட்டேன். கேரவன் முகாமுக்குத் தெற்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களில் யார் கேட்டாலும் கொடுத்தேன். பெயர், விலாசம் எதுவும் கேட்கவில்லை. காட்சி மேடை ரத்தம் என் முற்றத்தில் இருக்கக் கூடாது என்பதே எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. டான்சிக்கு எட்டு வயது நடக்கிறது. இனி அவளைக் குட்டிக்கு விட்டால் பாவம்.

செப்டம்பரில் ஒரு காலை டெஸ்மண்ட் என் வாசலில் வந்து நின்றான். மடிப்புக் கலையாத கால்சராய், பளபளக்கிற ஷூ. கையில் ஒரு நீளமான நோட்டு.

"டியூக்கோட குட்டின்னு சொல்லி ஊருக்கெல்லாம் குடுத்தீங்களாமே? என் நாய் பேரை நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"சொன்னா என்ன? பொய்யா? கத்தரிக்கோல் வேலையெல்லாம் உன் வீட்டோட வச்சுக்கோ. நாய் வளர்ப்பைப் பத்தி என்கிட்டப் பேசாதே."

"மாமா பேசாதேன்னுதான் சொன்னார். இவ்வளவு நாள் பேசல. இன்னைக்குப் பேசுறேன்." நோட்டைத் திறந்தான். "பதினெட்டு வருசம் எழுதி வச்சிருக்கேன். எந்த நாய்க்கு எந்த நிறத்துல குட்டி பொறந்துச்சுன்னு. பழுப்பு மூக்கு ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வராது. அப்பன் பக்கமும் இருக்கணும், அம்மா பக்கமும் இருக்கணும். வெளியே தெரியாம உள்ள ஒளிஞ்சிருந்தாலும் சரி, ரெண்டு பக்கமும் இருக்கணும்."

"அதனால?"

"உங்க டான்சி சுத்த விப்பெட்டா இருந்து, அவ வரிசையில பழுப்பே இல்லேன்னா, டியூக்கை என்ன, இங்கிலாந்துல இருக்கிற அத்தனை பழுப்பு நாயையும் விட்டாலும் ஒரு பழுப்புக் குட்டி பொறக்காது. எல்லாம் கறுப்பாத்தான் பொறக்கும். உங்க பெட்டைக்குப் பழுப்பு எங்கேருந்து வந்துச்சு? அதை முதல்ல கேளுங்க."

நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். பவுடர் போடுகிறவன், என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்து வைத்திருக்கிறான். எரிச்சலாக இருந்தது. அவன் போகிறவரை காத்திருக்கக்கூட முடியவில்லை, வேலியைத் தாண்டிக் கத்பர்ட்டின் தோட்டத்துக்குள் குதித்தேன். அவன் ஊர்க் காய்கறிப் போட்டிக்கு வைத்திருந்த, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக் தண்டுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

"டான்சியை எங்கேடா வாங்கினே?"

"ஸ்பென்னிமூர்ல. அதான் சொன்னேனே அக்கா."

"சுத்த விப்பெட்டா?"

அவன் மண்ணையே பார்த்தான். அந்த லீக்கில் ஒன்றைப் பிடுங்கி அவன் முதுகில் ஒன்று வைத்தேன். ஐம்பது வயது ஆள், எட்டு வயதுப் பையன் மாதிரி சுருங்கினான்.

"அவளோட பாட்டி பாதி பெட்லிங்டன்" என்றான். "ஈரல் நிறமாம். அந்த ஆள் சொன்னான். நீ சுத்த விப்பெட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னே. மூணு ஊர் அலைஞ்சேன், கிடைக்கல. இவளைப் பாத்தேன், நல்லா ஓடினா. அச்சு அசல் விப்பெட்டாத்தான் இருந்தா."

"ஆல்வின் என் முன்னாலயே கேட்டாரே! நீ தலையை ஆட்டினியே!"

"அப்ப எப்படிச் சொல்றது? ஏழு வருசம் கழிச்சு, அந்தாளு முன்னால? நீ என்னைக் கொன்னுருப்பே."

"பப்புல நான் அவரைக் கிழிச்சப்பவும் நீ அங்கதானேடா உக்காந்திருந்தே!"

"உன் வாய்க்குப் பயந்துதான் அக்கா சொல்லல." அவன் கண் கலங்கியிருந்தது. "உன்கிட்ட யாரு உண்மை சொல்வாங்க?"

அந்த வார்த்தைக்காகவும் அவனை அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். பிடித்தபடியே இழுத்துக்கொண்டு ஆல்வின் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன், டெஸ்மண்டைத் திட்டினேன், ஸ்பென்னிமூர்க்காரனைத் திட்டினேன். கடைசித் திருப்பத்தில் திட்டுவதற்கு வெளியாட்கள் தீர்ந்துவிட்டார்கள்.

ஆல்வின் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஃப்ளின்ட் சுவரோரம் வெயிலில் படுத்திருந்தான். கத்பர்ட் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தான். ஆல்வின் கடைசிவரை கேட்டார்.

"சரி, நீ வீட்டுக்குப் போ" என்றார் அவனிடம். அவன் தப்பித்தோம் என்று ஓடினான்.

"ஆல்வின், தப்பு என்னோடது. நாலு பேர் முன்னால சொன்னேன், அதே நாலு பேர் முன்னால வந்து..."

"ஃப்ளின்ட்டோட அம்மா ஈரல் நிறம்" என்றார் அவர், விறகைப் பார்த்தபடி. "உனக்குத் தெரியாது, அவ செத்து வருசமாச்சு. ரெண்டு பழுப்புக் குட்டி கிடக்குதுன்னு நீ சொன்ன நிமிசமே எனக்குத் தெரியும், டான்சி சுத்தம் இல்லேன்னு. உன் தம்பி மூஞ்சியைப் பாத்தேன். அதுலயே எல்லாம் இருந்துச்சு."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லல?"

"நீ கேட்டியா?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. ஃப்ளின்ட் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஒரு வார்த்தை கேட்டியா? 'ஆல்வின், இது ஏன் பழுப்பு'ன்னு என் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை? முப்பது வருசம் என் சொல்லை நம்பினேன்னியே, முப்பது நிமிசம் தாங்கலையே உன் நம்பிக்கை! உன்கிட்டப் போய் நான் சாட்சி சொல்லணுமா?"

"ராத்பரி அம்மாவுக்கு நான் இன்னைக்கே போன் பண்றேன். மே மாசம் வரலேன்னா என்ன, அடுத்த முறை வரட்டும். எல்லாத்தையும் நானே சொல்றேன். அவங்க பெட்டையை..."

"நீ பப்புல கத்தினது ராத்பரிவரை போச்சு, அவங்க ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க. நாயை மாத்தி விடுறவன்கிட்ட வர மாட்டாங்களாம். கெல்ஸோப் பக்கம் வேற கடுவன் பாத்துக்கிட்டாங்க."

"நான் பேசினா..."

"பேசி என்ன பண்ணப்போறே? ஃப்ளின்ட்டைக் காயடிச்சாச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஃப்ளின்ட்டைப் பார்த்தேன். அவன் எழுந்து சோம்பல் முறித்து என்னிடம் வந்தான். என் கால்சராயில் டான்சியின் வாசனை இருந்திருக்க வேண்டும், மூக்கை வைத்து அழுத்தி அழுத்தி மோந்தான்.

"அந்தச் சேதி வந்த மறு வாரமே மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார் ஆல்வின். "இனி இவன் பேரைச் சொல்லி எவனும் என்னைப் பொய்யன்னு சொல்ல முடியாது பாரு. குட்டி அஞ்சு இருக்கேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு அப்ப. எங்க அதெல்லாம்?"

எங்கே என்று சொன்னேன். யாரிடம் என்று சொல்ல எனக்கே தெரியவில்லை.

அவர் கையில் இருந்த விறகைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு கோபம் அந்த முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பப்பில்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"இப்பக் கத்து" என்றார். "கத்து ஐனா. அன்னைக்குக் கத்தத் தெரிஞ்சுதே."

அடுத்த ஞாயிறு பப்புக்குப் போனேன். நடுவில் நின்று, ஆல்வின் பொய் சொல்லவில்லை, பொய் என் வீட்டில் இருந்தது, அதை ஊர் முழுக்கக் குரைத்தவள் நான் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், எல்லார் காதிலும் விழுந்தது. ஃப்ளின்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.